எண்ணெய் நாட்டில் பெட்ரோலுக்கு ஏன் வரிசை? ஒரு போர்வெல் கணக்கு

கிருஷ்ணகிரி டோல்கேட் பக்கத்து டீக்கடையில் பேப்பர் படிக்கிறவர்கள் கேட்கும் கேள்வி இது: "எண்ணெய் நைஜீரியாக்காரன் மண்ணுலயே ஊறுது, அப்புறம் அவன் ஏன்ப்பா பெட்ரோலுக்கு வரிசையில நிக்கிறான்?"

நியாயமான கேள்விதான். ஆப்பிரிக்காவில் கச்சா எண்ணெய் அதிகம் எடுக்கும் நாடுகளில் நைஜீரியா முன்வரிசையில் இருக்கிறது. 2023 மே கடைசியில் அங்கே லிட்டர் 200 நைராவுக்குள் இருந்த பெட்ரோல், சில நாட்களிலேயே 500 நைரா பக்கம் போய்விட்டது. பூமிக்கடியில் இருக்கும் எண்ணெயின் கணக்கில் உலகத்திலேயே முதலிடம் வெனிசுவேலாவுக்கு, சுமார் 30,000 கோடி பீப்பாய். ஆனால் அந்த நாட்டை விட்டு 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பிழைப்பு தேடி வெளியே போய்விட்டார்கள். வரியே கிடையாது என்று நம் பையன்கள் பெருமையாகச் சொல்லும் சவுதியில் 2018-ல் 5 சதவீத வாட் வந்தது, 2020 ஜூலையில் அதையே 15 சதவீதமாக்கினார்கள். இதே எண்ணெயை வைத்துக்கொண்டு நார்வே மட்டும் எந்தச் சத்தமும் இல்லாமல் பணத்தை அடுக்கி வைத்திருக்கிறது.

இதெல்லாம் எங்கோ நடக்கிற கதை என்று விட்டுவிடவும் முடியாது. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகள் அரைக்கும் பெங்களூரா மாங்காயில் கணிசமான பங்கு வளைகுடா நாடுகளுக்குக் கப்பல் ஏறுகிறது. நம் ஊர்களில் துபாய், ரியாத் சம்பளத்தில் மாடி கட்டிய வீடுகள் உண்டு. போதாததற்கு ஓசூரிலும் போச்சம்பள்ளி பக்கத்திலும் மின்ஸ்கூட்டர் தயாராகிறது, அதாவது எண்ணெயின் எதிர்காலத்தில் கைவைக்கிற வண்டியே நம் மாவட்டத்திலிருந்துதான் போகிறது. அடிப்படையிலிருந்து வரிசையாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: எண்ணெய் விற்ற காசு வருமானமா?

இதைப் புரிந்துகொள்ள தர்மபுரிக்காரருக்கு எண்ணெய்க் கிணறு தேவையில்லை, போர்வெல் போதும். ராகி, துவரை, நிலக்கடலை என்று மழையை நம்பி இருந்த ஒருவர், திருச்செங்கோட்டு ரிக் வண்டியை வரவழைத்து 800 அடி இறக்குகிறார், தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வருகிறது. அடுத்த வருடமே வாழை, கரும்பு. புது மோட்டார், அதற்கு ஒரு கடன், தண்ணீர் இருக்கிறது என்ற நம்பிக்கையில் மகள் கல்யாணத்துக்கு இன்னொரு கடன். ஏரியின் வரத்துக் கால்வாயைத் தூர்வார ஊர் கூடும்போது இவர் போவதில்லை, ஏரி எதற்கு இப்போது? ஐந்தாவது வருடம் மோட்டாரைப் போட்டால் காற்றுதான் வருகிறது. ஏரியும் தூர்ந்து கிடக்கிறது, கடன் மட்டும் அப்படியே நிற்கிறது.

எண்ணெய் நாடுகளின் பொருளாதாரத்தில் முக்கால்வாசி இந்தக் கதைதான். நெல்லை அறுத்து விற்றால் அது வருமானம், அடுத்த போகமும் வரும். நிலத்தையே விற்றால் அது சொத்து விற்ற காசு. எண்ணெய் இரண்டாவது வகை. ஆனால் பட்ஜெட் போடுகிறவர்கள் அதை முதல் வகையில் எழுதிக்கொள்கிறார்கள்.

இங்கே ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ரென்ட். வீட்டு வாடகை என்ற அர்த்தத்தில் இல்லை. ஒரு பீப்பாயை எடுக்க 10 டாலர் செலவு, சந்தையில் 70 டாலருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் 60 டாலர் யாருடைய உழைப்புக்கும் கிடைத்த கூலி கிடையாது, அந்த இடத்தில் அந்தப் பொருள் இருந்ததால் மட்டும் கிடைத்தது. பொருளியலில் இதற்குப் பெயர்தான் ரென்ட். இந்த 60 டாலர் யார் கைக்குப் போகிறது, அவர் அதை என்ன செய்கிறார், யாருக்குக் கணக்குக் காட்டுகிறார் என்பதுதான் இந்தக் கட்டுரை முழுக்க நாம் துரத்தப்போகும் விஷயம்.

1977-ல் ஜான் ஹார்ட்விக் என்ற கனடா பொருளியலாளர் இதற்கு ஒரு விதியே எழுதினார்: தீர்ந்துபோகும் வளத்தை விற்றால் அந்த ரென்ட் முழுவதையும் தீராத வேறு சொத்தாக, பள்ளிக்கூடமாக, துறைமுகமாக, ஆலையாக மாற்றிவிட வேண்டும், அப்படிச் செய்தால் அடுத்த தலைமுறையின் வாழ்க்கைத் தரம் குறையாது. நீடித்த வளர்ச்சி என்று மேடையில் முழங்குகிறார்களே, எண்ணெய் நாட்டைப் பொறுத்தவரை அதன் நடைமுறை அர்த்தம் இவ்வளவுதான்.

ஆளுக்கு எத்தனை லிட்டர்?

"பணக்கார எண்ணெய் நாடு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் ஒரு பெரிய ஏமாற்று இருக்கிறது. வகுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நார்வே ஒரு நாளைக்குச் சுமார் 18 லட்சம் பீப்பாய் எடுக்கிறது, மக்கள் தொகை 55 லட்சத்துக்குச் சற்று மேல். ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். தலைக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் பக்கம் வருகிறது. நைஜீரியா 15 லட்சம் பீப்பாய் எடுக்கிறது, மக்கள் தொகை 22 கோடிக்கும் மேல். தலைக்கு ஒரு லிட்டர்.

ஒரே ஒரு லிட்டர். பீப்பாய் 70 டாலர் என்றால் அதன் மதிப்பு 40 ரூபாய் பக்கம்தான், அதிலும் எடுத்த செலவு, கம்பெனி பங்கு எல்லாம் போக மிச்சம்தான் அரசுக்கு. நைஜீரியாவில் ஒருவர்கூடத் திருடவில்லை என்றாலும் எண்ணெயை மட்டும் வைத்து அந்த நாடு பணக்கார நாடாகியிருக்க முடியாது. ஊழல்தான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. ஊழல் இல்லை என்று சொல்லவில்லை, அது பின்னால் வருகிறது. ஆனால் எண்ணெய் இருக்கிறது, அதனால் நாம் பணக்காரர்கள் என்ற நினைப்பே முதல் கேடு, மற்ற தொழில்களைக் கைவிடச் செய்தது அந்த நினைப்புதான்.

டச்சு நோய்: மாங்கூழ் ஆலையை வைத்து ஒரு விளக்கம்

1959-ல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பகுதியில் மிகப் பெரிய இயற்கை எரிவாயுப் படுகை கிடைத்தது. வெளிநாட்டுப் பணம் கொட்டியது. கொஞ்ச காலம் கழித்துப் பார்த்தால் அந்த நாட்டின் மற்ற ஏற்றுமதித் தொழில்கள் நலிந்துகொண்டிருந்தன. 1977-ல் ஓர் ஆங்கில வார இதழ் இதற்கு "டச்சு நோய்" என்று பெயர் வைத்தது, அதுவே நிலைத்துவிட்டது.

நோய் எப்படிப் பரவுகிறது? கிருஷ்ணகிரியில் கடலளவு எண்ணெய் கிடைத்துவிட்டதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

1. உலகமே நம்மிடம் எண்ணெய் வாங்க டாலரைக் கொண்டுவந்து கொட்டுகிறது. டாலர் மலிகிறது, ரூபாய் உயர்கிறது. 85 ரூபாய்க்கு இருந்த டாலர் 60 ரூபாய்க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

2. டன் 1,000 டாலருக்கு மாங்கூழ் விற்றுக்கொண்டிருந்த ஆலைக்கு அதுவரை 85,000 ரூபாய் கிடைத்தது, இனி 60,000தான். மாங்காய் விலை, கூலி, டப்பா, கரண்ட் எதுவும் குறையவில்லை. குறையவில்லை என்ன, ஏறியே இருக்கும், ஏனென்றால் ஆட்களை எண்ணெய்க் கம்பெனி இரட்டைக் கூலிக்கு இழுத்துக்கொண்டுவிட்டது.

3. ஆலை மூடுகிறது. மாங்காய்க்கு விலை இல்லாமல் விவசாயி மரத்தை வெட்டுகிறார்.

4. இருபது வருடம் கழித்து எண்ணெய் தீர்கிறது. அப்போது மாமரமும் இல்லை, ஆலையும் இல்லை, அந்த வேலை தெரிந்த ஆளும் இல்லை.

நான்காவது கட்டம்தான் விஷம். ஒரு தொழிலை மூட ஒரு சீசன் போதும், திரும்ப உண்டாக்க ஒரு தலைமுறை வேண்டும்.

கற்பனை வேண்டாம், நடந்தது வேண்டும் என்கிறவர்களுக்கு நைஜீரியாவின் கானோ நகரம் இருக்கிறது. எண்ணெய்க்கு முன்னால் அந்த நாட்டின் வடக்கே நிலக்கடலை, மேற்கே கோகோ, கிழக்கே பாமாயில் என்று ஆளுக்கொரு பயிர். கானோவில் கடலை மூட்டைகளைப் பிரமிடு மாதிரி அடுக்கி வைப்பார்கள், அந்தக் கடலைக் கோபுரங்கள்தான் ஊருக்கே அடையாளம். 1956-ல் தெற்கே ஒலோய்பிரியில் எண்ணெய் கிடைத்தது, 1970-களில் விலை ஏறியது, 1980-கள் முடிவதற்குள் கடலைக் கோபுரங்கள் காணாமல் போய்விட்டன. வறட்சியும் செடியைத் தாக்கிய நோயும் அதில் சேர்ந்துகொண்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் விவசாயம் சரிந்தபோது கவலைப்பட யாருக்கும் அவசரம் இல்லாமல் போனதற்கு எண்ணெய்தான் காரணம்.

வரி கேட்காத அரசு கணக்கும் சொல்லாது

இனி ஆட்சி நிர்வாகம். என்னைக் கேட்டால் டச்சு நோயைவிட இதுதான் பெரிய விஷயம்.

ஊராட்சியில் வீட்டு வரி, தண்ணீர் வரி கட்டுகிறவர் கிராம சபையில் எழுந்து "என் காசு எங்கே போச்சு" என்று கேட்கிறார். பதில் வருகிறதா என்பது வேறு கதை, கேட்க அவருக்கு ஒரு பிடி இருக்கிறது. அரசுக்கும் அவர் தேவை, அவர் சம்பாதித்தால்தான் வரி வரும். அதனால் அவருக்கு ரோடு போட, அவர் பிள்ளையைப் படிக்க வைக்க அரசுக்கே ஒரு சுயநலம் உண்டு.

எண்ணெயிலிருந்து நேராகப் பணம் வரும் அரசுக்கு இந்தத் தேவை கிடையாது. மக்கள் ஏழையாக இருந்தாலும் கஜானா நிரம்பும். 1970-ல் ஹொசைன் மஹ்தவி என்ற ஈரானியப் பொருளியலாளர் இந்த மாதிரி நாடுகளை "ரென்ட்டியர் அரசு" என்று எழுதினார், நம் பேச்சில் சொன்னால் உட்கார்ந்து வாடகை வாங்கித் தின்னும் அரசு. அங்கே பேரம் இப்படித்தான் நடக்கும்: நான் உன்னிடம் வரி கேட்க மாட்டேன், சல்லிசாகப் பெட்ரோல், கரண்ட், அரசு வேலை தருகிறேன், நீ என்னிடம் கணக்குக் கேட்காதே.

இதை உடைக்க ஒருமுறை பெரிய முயற்சி நடந்தது, சாட் நாட்டில். உள்நாட்டில் அடைபட்ட, ரொம்ப ஏழையான ஆப்பிரிக்க நாடு. அங்கிருந்து கேமரூன் கடற்கரை வரை 1,000 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட உலக வங்கி கைகொடுத்தது, ஒரு நிபந்தனையோடு. எண்ணெய்ப் பணத்தில் 10 சதவீதம் வருங்காலத் தலைமுறைக்கான நிதிக்குப் போக வேண்டும், மிச்சத்தில் பெரும்பகுதி கல்வி, சுகாதாரம், சாலை போன்றவற்றுக்கு மட்டும் என்று 1999-ல் சட்டமே போட்டார்கள். காகிதத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. 2003-ல் எண்ணெய் ஓடத் தொடங்கியது. இரண்டரை வருடம்கூட ஆகவில்லை, அதிபர் இத்ரிஸ் டெபியின் அரசு வருங்கால நிதியை ஒழித்துவிட்டு, பாதுகாப்புச் செலவையும் "முன்னுரிமை" பட்டியலில் சேர்த்துச் சட்டத்தைத் திருத்திவிட்டது. உலக வங்கி கடனை நிறுத்திப் பார்த்தது, பலிக்கவில்லை. 2008-ல் சாட் பாக்கியை முன்கூட்டியே கட்டிக் கணக்கை முடித்துக்கொண்டது. எண்ணெய்க் காசு கையில் இருக்கும்போது வங்கியின் கெடுபிடிக்கு யார் பயப்படப்போகிறார்கள்? சட்டத்தை எழுதியவர்கள் வெளியூர்க்காரர்கள், அதைக் காப்பாற்ற உள்ளூரில் பலமுள்ள ஆள் யாரும் இல்லை, விஷயம் அங்கேதான் கோட்டைவிட்டது.

இந்தப் பேரத்தில் முதலில் நசுங்குவது எண்ணெய் எடுக்கும் இடத்து மக்கள். நைஜீரியாவின் தெற்கே நைஜர் டெல்டாவில் ஓகோனி மக்களின் நிலமும் ஓடையும் எண்ணெய்க் கசிவில் பாழானதை எதிர்த்த எழுத்தாளர் கென் சாரோ-விவாவையும் கூட இருந்த எட்டுப் பேரையும் 1995 நவம்பர் 10 அன்று அப்போதைய ராணுவ அரசு தூக்கிலிட்டது. பணம் தலைநகருக்குப் போனது, கசிவு அங்கேயே தங்கிவிட்டது.

மானியம்: கொடுத்தாலும் வலி, எடுத்தாலும் வலி

சரி, டீக்கடைக் கேள்விக்குத் திரும்பி வருவோம். நைஜீரியாவில் பெட்ரோல் விலை ஏன் அப்படி எகிறியது? 2023 மே 29 அன்று பதவியேற்ற அதிபர் போலா டினுபு, முதல் உரையிலேயே பெட்ரோல் மானியம் போய்விட்டது என்று அறிவித்தார். பின்னணி இது:

1. கச்சா எண்ணெய் வேறு, பெட்ரோல் வேறு. நடுவில் சுத்திகரிப்பு ஆலை வேண்டும். போர்ட் ஹார்கோர்ட், வாரி, கடுனா ஆகிய ஊர்களில் இருந்த அரசு ஆலைகள் பல வருடங்களாகப் பெயருக்குத்தான் இருந்தன. அதனால் நைஜீரியா கச்சாவை ஏற்றுமதி செய்து, பெட்ரோலை இறக்குமதி செய்தது. மாங்காயை விற்றுவிட்டு ஜூஸ் வாங்கிக் குடிக்கிற மாதிரி.

2. வாங்கிய விலைக்கும் பெட்ரோல் பங்க்கில் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தை அரசு ஈடுகட்டியது. உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறினால் நாட்டுக்கு லாபம்தானே என்று தோன்றும். ஆனால் பெட்ரோல் விலையும் கூடவே ஏறும், மானியமும் ஏறும், இந்தக் கையில் வந்தது அந்தக் கையில் போகும்.

3. விலை வித்தியாசம் இருக்கும் இடத்தில் கடத்தல் இருக்கும். பக்கத்து பெனின், டோகோ நாடுகளில் ரோட்டோரப் பாட்டில்களில் நைஜீரியப் பெட்ரோல் விற்றது.

4. இறக்குமதி செய்யாமலேயே செய்ததாகக் கணக்குக் காட்டி மானியம் வாங்கியவர்களும் இருந்தார்கள். 2012-ல் அந்த நாட்டு நாடாளுமன்றக் குழு ஒன்று, மானியத்தில் சுமார் 680 கோடி டாலர் போன இடம் சரியில்லை என்று அறிக்கை கொடுத்தது.

5. கார் வைத்திருப்பவருக்குத்தான் மானியத்தில் பெரும்பங்கு. கார் இல்லாத ஏழைக்குக் கிடைத்தது பஸ் டிக்கெட் குறைவு மட்டும்.

இவ்வளவு தெரிந்தும் அதை எடுத்தால் ஏன் தெருவில் இறங்குகிறார்கள்? 2012 ஜனவரியில் மானியத்தை நிறுத்தியபோது நாடே ஸ்தம்பித்தது, அரசு பாதி பின்வாங்கியது. காரணம் எளிது. எண்ணெய் நாட்டுப் பிரஜைக்கு அரசிடமிருந்து கண்ணால் பார்க்கக்கூடியதாகக் கிடைத்த ஒரே பங்கு அந்த மலிவுப் பெட்ரோல்தான். அதையும் எடுத்துவிட்டு, மிச்சமாகும் பணத்தில் ஆஸ்பத்திரி கட்டுவோம் என்றால் யார் நம்புவார்கள்? ஈரான் 2010 டிசம்பரில் கொஞ்சம் புத்திசாலித்தனமாக வேறு வழியில் போனது: எரிபொருள் விலையை ஏற்றுவதற்கு முன்பே தலைக்கு மாதம் 4,55,000 ரியால் என்று மக்கள் கணக்கில் பணத்தைப் போட்டது. விலை ஏறியபோது பெரிய கலவரம் இல்லை. அப்புறம் பணவீக்கம் அந்தத் தொகையை அரித்துத் தின்றுவிட்டது. 2019 நவம்பரில் திடீரென்று விலையை ஏற்றியபோது நாடு முழுக்கப் போராட்டம் வெடித்து உயிர்கள் போயின.

விலை ஏறும்போதுதான் ஆபத்து

எண்ணெய் விலை சரிவதுதான் இந்த நாடுகளுக்குப் பிரச்சினை என்று செய்திகள் சொல்லும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சரிவு பில்லை நீட்டுகிறது, அவ்வளவுதான். செலவு நடந்தது விலை உச்சியில் இருந்தபோது.

2014 நடுவில் பீப்பாய் 110 டாலர் பக்கம் இருந்தது, 2016 ஜனவரியில் 30-க்கும் கீழே. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கச் சந்தையில் ஒரு நாள் மைனஸ் 37 டாலர் வரை போனது, அதாவது எண்ணெயை எடுத்துக்கொண்டு போகக் காசும் கொடுத்தார்கள். இப்படி ஆடும் வரவை வைத்து ஆடாத செலவுக்கு வாக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? அரசுச் சம்பளம், ஓய்வூதியம், மானியம் எதையும் விலை இறங்கும்போது இறக்க முடியாது.

இதை அளக்க ஒரு சொல் உண்டு: பட்ஜெட் சமன் விலை. எந்த விலைக்கு எண்ணெய் விற்றால் அரசின் வரவும் செலவும் சரியாகும் என்பது. சவுதியில் ஒரு பீப்பாயை வெளியே எடுக்கும் செலவு உலகிலேயே குறைந்தவற்றில் ஒன்று. ஆனால் சமீப வருடங்களில் சர்வதேச நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) கணிப்புகளில் சவுதியின் பட்ஜெட் சமன் விலை 90 டாலருக்கு மேல் வருகிறது. எடுக்க ஆகும் செலவு சில டாலர், நாட்டை நடத்த வேண்டியது 90 டாலர். 2020-ல் வாட் மும்மடங்கானதன் காரணம் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது.

வெனிசுவேலா இதன் கடைசி எல்லை. அங்கே அரசு எண்ணெய்க் கம்பெனிதான் எல்லாமே. 2002-03 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அதிபர் சாவேஸ் அதன் ஊழியர்களில் சுமார் 18,000 பேரை வீட்டுக்கு அனுப்பினார், அனுபவமுள்ள பொறியாளர்கள் பலர் அதில் போய்விட்டார்கள். கம்பெனியின் பணம் சமூகத் திட்டங்களுக்குத் திரும்பியது. அதில் நல்லதும் நடந்தது, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கிணற்றுக்கும் குழாய்க்கும் பராமரிப்புச் செலவு செய்யவில்லை. போர்வெல்லில் தண்ணீர் வருகிறதே என்று மோட்டாருக்குக் காயில் கட்டாமலே ஓட்டின கதை. நாளைக்கு 30 லட்சம் பீப்பாய் பக்கம் இருந்த உற்பத்தி, 2020-ல் 5 லட்சம் பக்கம் வந்துவிட்டது. அமெரிக்கத் தடைதான் காரணம் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கம்பெனி மீதான பெரிய தடை வந்தது 2019 ஜனவரியில், அதற்குள்ளேயே உற்பத்தி பாதிக்கும் கீழே போய்விட்டது. தடை வந்து மிச்சத்தையும் நசுக்கியது, அது உண்மை.

நார்வேயில் என்ன வித்தியாசம்?

நார்வேக்காரர்கள் யோக்கியர்கள் என்று சொல்லி முடித்துவிடலாம், ஆனால் அது விளக்கம் ஆகாது. வரிசையைப் பாருங்கள். எண்ணெய் கிடைப்பதற்கு முன்பே அங்கே வரி கட்டும் மக்கள், தேர்தல், தணிக்கை, பத்திரிகை எல்லாம் ஊறிப்போயிருந்தன. 1969 கடைசியில் எக்கோஃபிஸ்க் படுகை கிடைத்தபோது அந்தப் பணம் ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டுக்குள் வந்தது. நைஜீரியாவுக்கு விடுதலை 1960-ல்தான், உள்நாட்டுப் போர் முடிந்தது 1970-ல். அஸ்திவாரம் போடும்போதே வெள்ளம் வந்துவிட்டது.

இதில் ஒரு சுவாரசியம், நார்வேயின் எண்ணெய்க் கொள்கையைச் செதுக்கியவர்களில் ஒருவர் ஈராக்கின் பாஸ்ராவில் பிறந்த ஃபாரூக் அல்-காசிம். மகனின் சிகிச்சைக்காக 1968-ல் நார்வே வந்தவர், வேலை தேடி அரசு அலுவலகத்துக்குப் போன இடத்தில் நாட்டின் எண்ணெய் விவகாரத்துக்குள் நுழைந்தார். 1972-ல் எண்ணெய் எடுக்கும் அரசு கம்பெனியையும் அதைக் கண்காணிக்கும் அமைப்பையும் தனித்தனியாக உண்டாக்கினார்கள். ஆட்டக்காரனே நடுவராக இருக்கக் கூடாது என்பதற்காக.

மற்றதெல்லாம் எண்கள். எண்ணெய் லாபத்துக்கு மொத்த வரி 78 சதவீதம். 1990-ல் எண்ணெய்ப் பணத்தைச் சேமிக்கும் நிதிக்குச் சட்டம், 1996-ல் முதல் தொகை. நிதியை நாட்டுக்குள் முதலீடு செய்யக் கூடாது, வெளிநாட்டில்தான் போட வேண்டும், டச்சு நோய்க்கு இதுதான் மருந்து. வருடத்துக்கு நிதியின் எதிர்பார்க்கும் வருவாய் அளவுக்கு மட்டும் பட்ஜெட்டுக்கு எடுக்கலாம், 2001-ல் அதை 4 சதவீதம் என்று வைத்தார்கள், 2017-ல் 3 ஆக்கினார்கள். 2024 முடிவில் நிதியில் 19 லட்சம் கோடி குரோனருக்கு மேல் இருந்தது. தலைக்கு நம் பணத்தில் இரண்டரைக் கோடி ரூபாய்க்கு மேல். அதில் பாதிக்கு மேல் எண்ணெய்க் காசே கிடையாது, முதலீடு ஈன்ற குட்டி.

நார்வே மட்டும்தான் சேமித்தது என்றும் நினைக்க வேண்டாம். குவைத் 1953-லேயே லண்டனில் முதலீட்டு வாரியம் வைத்தது, 1976 முதல் வருவாயில் 10 சதவீதத்தை வருங்காலத் தலைமுறைக்கு ஒதுக்கியது. 1990-ல் சதாம் உசேன் படை உள்ளே நுழைந்து கிணறுகளைப் பிடித்தபோது, நாடு கடந்து நின்ற அரசு அந்தச் சேமிப்பில்தான் ஓடியது. ஆனாலும் குவைத்தில் மானியமும் அரசு வேலையும்தான் இன்றும் பொருளாதாரம். சேமிக்கப் பழகுவது ஒன்று, தொழில் உண்டாக்குவது வேறொன்று.

நார்வேயிலும் ஒரு முரண் உண்டு. வீட்டுக்கு நீர்மின்சாரம், புதிதாக விற்கும் கார்களில் 2024-ல் பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது மின்கார், விற்பதெல்லாம் எண்ணெயும் எரிவாயுவும். புகை அடுத்தவன் வீட்டில். பீடி குடிக்காத பீடிக்கடைக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம்.

எண்ணெய் நாட்டில் கரண்ட் கட்

ஈராக் அரசின் வருவாயில் 90 சதவீதம் பக்கம் எண்ணெய். பாஸ்ராவில் வெயில் 50 டிகிரியைத் தொடும்போது கரண்ட் இருக்காது. அதே பாஸ்ராவில் எண்ணெயோடு சேர்ந்து வரும் எரிவாயுவைப் பிடித்து வைக்கப் போதிய வசதி இல்லாமல் ஒரு பகுதியை வானத்தில் கொளுத்திவிடுகிறார்கள், மின்நிலையத்துக்கு ஈரானிடம் எரிவாயு வாங்குகிறார்கள். 2018 கோடையில் அங்கே தண்ணீருக்கும் கரண்டுக்கும் பெரிய போராட்டம் நடந்தது.

சவுதியில் வேறு சிக்கல். கரண்ட் மலிவு, ஏ.சி. இரவு பகலாக ஓடும், அதற்காகக் கோடையில் கச்சா எண்ணெயையே மின்நிலையத்தில் எரிக்கிறார்கள். வீட்டில் எரிக்கும் ஒவ்வொரு பீப்பாயும் வெளியே விற்க முடியாத பீப்பாய். 2016-ல் அறிவித்த விஷன் 2030 என்ற பொருளாதாரத் திட்டத்தில் சூரிய மின்சாரம் பெரிய இடம் பிடித்ததற்குச் சுற்றுச்சூழல் அக்கறை ஒரு காரணம் என்றால், இந்தக் கணக்கு ஒன்பது காரணம். அமீரகம் பரக்காவில் நான்கு அணு உலைகள், மொத்தம் 5,600 மெகாவாட், கட்டி முடித்ததும் இதே கணக்கில்தான்.

விலை இல்லாத பொருளைச் சிக்கனமாகச் செலவழிக்க யாருக்கும் மனம் வராது. நம் ஊரிலும் பம்ப்செட்டுக்கு மின்சாரம் இலவசம் என்பதால் மோட்டாரை ஆன் பண்ணிவிட்டுத் தூங்கப்போகிறவர்கள் உண்டு, தண்ணீர்மட்டம் கீழே போகிறது. சின்ன விவசாயிக்கு அந்த இலவசம் இல்லாவிட்டால் பயிரே இல்லை என்பதும் உண்மைதான். அதனால்தான் இது எங்கேயும் எளிதில் தீராத விவகாரம்.

எண்ணெய்க்கு மவுசு குறைந்தால் நமக்கு என்ன?

மின்வண்டி பெருகப் பெருக எண்ணெய்க்கான தேவை வளர்வது தளரும். அப்போது முதலில் அடி வாங்குவது எடுக்க அதிகம் செலவாகும் நாடும், தலைக்கு ஒரு லிட்டர் வைத்திருக்கும் நாடும்தான். சவுதி, அமீரகம் கடைசிவரை நிற்கும், அவர்களுடைய எண்ணெய்தான் மலிவு.

நமக்கு இரண்டு பக்கமும் கத்தி. தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் கச்சாவை இறக்குமதி செய்யும் நாட்டுக்கு விலை இறங்கினால் லாபம், லாரிக்காரருக்கும் லாபம். ஆனால் வளைகுடாவில் கட்டட வேலை நின்றால் மணியார்டர் நிற்கும், அங்கே கடையில் விற்பனை படுத்தால் இங்கே மாங்கூழ் ஆர்டர் குறையும், அந்த சீசனில் ஆலை வாசலில் டிராக்டர்கள் மாங்காயோடு காத்துக் கிடக்கும்.

மின்வண்டி வந்துவிட்டால் இந்தக் கதை முடிந்துவிடும் என்றும் இல்லை. பல பேட்டரிகளுக்குத் தேவைப்படும் கோபால்ட்டில் உலக உற்பத்தியில் பாதிக்கு மேல் காங்கோவிலிருந்து வருகிறது. அங்கே மண்ணைத் தோண்டுகிற குடும்பங்களின் நிலைமையைப் பார்த்தால் நைஜர் டெல்டாதான் நினைவுக்கு வருகிறது. பொருள்தான் மாறியிருக்கிறது.

கடைசியாக, ரென்ட் என்பது எண்ணெய்க்கு மட்டும் உரியதில்லை. கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் கிரானைட் குவாரிகள் இருக்கின்றன, பிளாக் பிளாக்காக வெட்டி வெளிநாடு போகிறது, சீனியரேஜ் தொகை, அதாவது வெட்டுவதற்கான கட்டணம், அரசுக்குப் போகிறது, குழியும் தூசும் ஊரில் இருக்கின்றன. 2015-ல் கனிமச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி மாவட்ட கனிம அறக்கட்டளை என்று ஒன்று வந்தது. குத்தகைக்காரர்கள் கட்டும் கூடுதல் தொகை அதில் சேரும், அதைச் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களின் குடிநீர், சுகாதாரம், கல்விக்கு முதலில் செலவழிக்க வேண்டும். அதற்கான மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளில், சுரங்கம் மூடிய பிறகும் அந்த ஊர்க்காரர்கள் பிழைக்க, வருட வரவில் ஒரு பகுதியை நீண்டகால நிதியாக ஒதுக்கி வைக்கலாம் என்றும் ஒரு வரி இருக்கிறது. நார்வே 1990-ல் சட்டமாக்கியதன் சின்ன வடிவம் அந்த வரி.